ஒருமொழிக் கொள்கையும் தொல்குடி மொழிகளின் விலக்கமும்: நார்வேயின் சாமி மொழிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு மொழியைச் சட்டத்தால் முற்றாகத் தடைசெய்யாமலேயே, அதனைப் பேசுவோரின் வாழ்விலிருந்து அதை அகற்றிவிட அரசால் இயலும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ நூறாண்டுகள் நார்வே அரசு சாமி மக்களிடையே செயற்படுத்திய நார்வேமயமாக்கக் கொள்கை இதற்குத் தெளிவான சான்றாகும். ஆசிரியர் ஊதியம், நில உரிமை, உண்டுறைப் பள்ளி ஆகியவற்றின் வழியே அக்கொள்கை இயங்கிய விதத்தையும், பின்னர் வந்த சட்ட ஏற்பு அதன் விளைவுகளை எந்த அளவிற்குச் சரிசெய்துள்ளது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒருமொழிக் கொள்கை, தொல்குடி மொழிகள், சாமி, நார்வேமயமாக்கம், தாய்மொழிக் கல்வி

முன்னுரை

நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதிகளிலும் ருஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் தொல்குடியினர் சாமியர். (இப்பெயர் தமிழில் வழங்கும் ‘சாமி’ என்னும் சொல்லோடு தொடர்பற்றது.) கலைமான் வளர்ப்பு இவர்களின் அடையாளமாக வெளியுலகில் அறியப்பட்டாலும், கடலோரத்தில் மீன்பிடித்தலும் சிறு வேளாண்மையும் செய்து வாழ்ந்தோரே நார்வேயில் எண்ணிக்கையில் மிகுந்திருந்தனர். இவர்கள் பேசுவது ஒரே மொழியன்று. யூராலிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பல சாமி மொழிகள் உள்ளன. அவற்றுள் வட சாமி, லூலே சாமி, தென் சாமி ஆகிய மூன்றும் நார்வேயில் இன்று கல்வியிலும் எழுத்திலும் வழங்குகின்றன. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்த நார்வேஜிய மொழியோடு இவற்றுக்கு இனவுறவு இல்லை. எனவே நார்வேஜிய மொழியில் மட்டும் நடத்தப்பெறும் வகுப்பில் அமரும் சாமிக் குழந்தைக்கு, ஆசிரியரின் பேச்சு முற்றிலும் புரியாத ஒலித்தொடராகவே இருந்திருக்கும்.

தொடக்கத்தில் அரசும் திருச்சபையும் இம்மொழிகளைப் புறக்கணிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாமியரிடையே சமயப்பணி செய்த தாமஸ் ஃபான் வெஸ்தன், மக்களின் மொழியிலேயே போதிக்க வேண்டும் என்னும் கருத்துடையவர். நில்ஸ் விபே ஸ்டொக்ஃப்ளெத் என்னும் குருவின் முயற்சியால் 1840இல் புதிய ஏற்பாடு வட சாமி மொழியில் வெளிவந்தது. ஆகவே, சாமி மொழிகள் எழுத்துக்கும் கல்விக்கும் தகுதியற்றவை என்னும் பிற்கால வாதம் மொழியியல் உண்மையைச் சார்ந்தெழுந்தது அன்று. அது அரசியல் தேவையினின்று பிறந்தது.

ஒரு கொள்கை, இரு அளவுகோல்கள்

நார்வே பல நூற்றாண்டுகள் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1814இல் அவ்வுறவு முறிந்து, 1905 வரை சுவீடனோடு ஒரே முடியின்கீழ் இணைந்திருந்தது. ஆட்சி மாறிய பின்னரும் எழுத்துமொழியாக டேனிய மொழியே நீடித்தது. மக்கள் வீட்டில் பேசியது ஒன்று, பள்ளியில் படித்தது மற்றொன்று என்னும் நிலை நாட்டுப்பற்றாளரை வருத்தியது. நாட்டுப்புற வட்டார வழக்குகளைத் திரட்டி ஆராய்ந்த ஈவார் ஓசன், 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டு, மக்கள் வழக்கினின்று ஒரு புதிய எழுத்துமொழிக்கு அடித்தளமிட்டார். 1885இல் நாடாளுமன்றம் அதற்கு டேனியச் சார்புடைய எழுத்துமொழியோடு சம நிலையை வழங்கியது.

இதற்கு முன்பே, 1878இல், தொடக்கப்பள்ளிக் கல்வி இயன்ற அளவு குழந்தைகளின் சொந்தப் பேச்சுமொழியிலேயே அமைய வேண்டும் என்று அதே நாடாளுமன்றம் முடிவு செய்திருந்தது. தாய்மொழிக் கல்வியின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க முடிவு இது. ஆயினும், இரண்டே ஆண்டுகள் கழித்து, 1880இல் வட நார்வேயின் பள்ளிகளுக்கு வந்த அறிவுறுத்தல் இதற்கு நேர்மாறாக அமைந்தது. சாமிக் குழந்தைகளும், பின்னிஷ் மொழிக்கு நெருங்கிய மொழியைப் பேசும் க்வேன் குழந்தைகளும் நார்வேஜிய மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றாக வேண்டும் என அது விதித்தது. தாய்மொழிவழிக் கற்பித்தலுக்கு முன்பிருந்த இடமும் சுருக்கப்பட்டது.

இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். குழந்தை தன் பேச்சுமொழியில் கற்க வேண்டும் என்னும் நெறியை நார்வே அரசு அறியாதிருக்கவில்லை. அறிந்து, ஏற்று, தன் பெரும்பான்மைக் குழந்தைகளுக்கு வழங்கிய பின்னரே சாமிக் குழந்தைகளுக்கு அதனை மறுத்தது. அயல்மொழி ஒன்றின் மேலாண்மையினின்று விடுபட முயலும் மொழியினம், தன் எல்லைக்குள் வாழும் சிறிய மொழியினத்தின்மேல் அதே மேலாண்மையைச் செலுத்தக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

இவ்வாறு செய்யத் தூண்டிய காரணங்கள் பல. ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே மொழி என்னும் தேசியவாதம் ஒன்று. சாமியரைத் தாழ்ந்த வளர்ச்சிநிலையினராகக் கண்ட அக்கால இனக்கோட்பாடு மற்றொன்று. பின்லாந்து அப்போது ருஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்தமையால், வடஎல்லையில் வாழும் பிறமொழியினரின் பற்றுறுதி குறித்து எழுந்த ஐயம் மூன்றாவது. இவ்வச்சத்தைக் கனுட் எய்னார் எரிக்சனும் எய்னார் நியெமியும் 1981இல் வெளியிட்ட ‘பின்னிய அபாயம்’ எனப் பொருள்படும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

விலக்கத்தின் கருவிகள்

நார்வேமயமாக்கத்தின் முதற்கருவி ஆசிரியரின் ஊதியம். 1851இல் நாடாளுமன்றம் ஒரு சிறப்பு நிதியை ஏற்படுத்தியது. சாமியர் வாழும் பகுதிகளில் நார்வேஜிய மொழியைப் பரப்பும் ஆசிரியர்க்கு அதிலிருந்து கூடுதல் ஊதியம் கிடைத்தது. 1880ஆம் ஆண்டு அறிவுறுத்தலின்படி, இப்பணியில் நல்ல விளைவைக் காட்ட இயலாத ஆசிரியர் ஊதிய உயர்வை இழந்தார். 1898இல் அமைச்சர் வெக்சல்சன் பெயரால் அறியப்படும் சுற்றறிக்கை மேலும் கடுமையானது. தவிர்க்கவே இயலாத இடத்தில் துணைக்கருவியாக மட்டுமே சாமி மொழியைப் பயன்படுத்தலாம் என்றும், இடைவேளையிலும் மாணவர் தேவைக்குமேல் அதனைப் பேசாதவாறு ஆசிரியர் கண்காணிக்க வேண்டும் என்றும் அது கூறியது. இவ்வாறு, தம் சமூகத்தில் கற்றோராக விளங்கிய ஆசிரியர்களே அச்சமூகத்தின் மொழியைக் குறைக்கும் பொறுப்பிற்கு உள்ளாயினர்.

இரண்டாவது கருவி நிலம். நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கில் நிலத்தின் பெரும்பகுதி அரசின் உடைமையாகக் கருதப்பட்டது. 1902ஆம் ஆண்டு நில விற்பனைச் சட்டத்தையொட்டி எழுந்த விதிகள், நார்வேஜிய மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் அறிந்து, அன்றாட வாழ்விலும் அதனைப் பயன்படுத்தும் நார்வே குடிமக்களுக்கே அரசு நிலத்தை விற்கலாம் என்றன. இவ்விதி புதிய சட்டம் வந்த 1965 வரை நீக்கப்படவில்லை. மொழியறிவு மட்டும் கேட்கப்பட்டிருந்தால் இருமொழியாளரான சாமியர் அதனை நிறைவு செய்திருப்பர். ‘அன்றாடப் பயன்பாடு’ என்னும் நிபந்தனையோ வீட்டுக்குள் வழங்கும் மொழியையே நிலத்தின் விலையாகக் கேட்டது.

மூன்றாவது கருவி உண்டுறைப் பள்ளி. 1905 முதல் ஃபின்மார்க்கில் அரசு இத்தகைய பள்ளிகளைக் கட்டத் தொடங்கியது. ஊர்கள் தொலைவில் சிதறிக் கிடந்தமையால் தங்கிப் படிக்கும் வசதி தேவையாகவே இருந்தது. ஆயினும் அத்தேவையே குழந்தைகளைப் பல வாரங்கள் பெற்றோரின் மொழியிலிருந்து பிரித்து வைக்கவும் பயன்பட்டது.

உளவியலறிஞர் வாலஸ் லாம்பர்ட் இருமொழியத்தைக் கூட்டல்முறை, கழித்தல்முறை என இருவகைப்படுத்தினார். முன்னதில் தாய்மொழியின்மேல் மற்றொரு மொழி சேர்கிறது. பின்னதில் புதிய மொழி தாய்மொழியின் இடத்தைப் பறிக்கிறது. சாமியர் நார்வேஜிய மொழியைக் கற்க மறுத்தனர் என்பதற்கில்லை. வணிகத்திற்கும் அண்டை அயலாருடன் பழகுவதற்கும் அதன் தேவையை அவர்கள் அறிந்திருந்தனர். அரசு தேர்ந்தெடுத்ததே கழித்தல்முறை.

எதிர்ப்பும் இழப்பும்

இக்கொள்கை எதிர்ப்பின்றி நிகழவில்லை. ஆசிரியரான ஆண்டர்ஸ் லார்சன் 1904 முதல் 1911 வரை வட சாமி மொழியில் செய்தித்தாள் நடத்தினார். 1906இல் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் சாமியரான ஈசாக் சாபாவும் ஆசிரியரே. 1917 பிப்ரவரி 6ஆம் நாள், எல்சா லவ்லா ரென்பெரியின் பெருமுயற்சியால் துரோன்ஹைம் நகரில் சாமியர் மாநாடு கூடியது. அந்நாளே இன்று சாமியரின் தேசிய நாளாகக் கொண்டாடப்படுகிறது.

எனினும் கடலோரப் பகுதிகளில் மொழிப்பெயர்ச்சி விரைந்தது. பள்ளியில் தாம் பட்ட துன்பத்தைத் தம் பிள்ளைகள் படலாகாது என்று கருதிய பெற்றோர், வீட்டில் நார்வேஜிய மொழிக்கு மாறினர். முதியோர் தமக்குள் சாமி மொழியிலும் பேரக்குழந்தைகளிடம் தட்டுத்தடுமாறி நார்வேஜிய மொழியிலும் பேசும் நிலை உருவாயிற்று. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது மக்களின் சொந்தத் தெரிவாகவே தோன்றும். ஆனால் ஊதியமும் நிலமும் கல்வியும் ஒரே திசையில் தள்ளும்போது எஞ்சுவதைத் தெரிவு என்று கூறுதல் பொருந்தாது. கொள்கை பின்னர் தளர்ந்தபோதும், ஒரு தலைமுறை கையளிக்காத மொழியை அடுத்த தலைமுறை வீட்டில் பெற வழியில்லாமற் போயிற்று.

சட்ட ஏற்பும் அதன் எல்லையும்

1959ஆம் ஆண்டுக் கல்விச்சட்டம் சாமி மொழியைப் பயிற்றுமொழியாக்க மீண்டும் இடமளித்தது. 1967இல் தொடக்க வகுப்புகளில் சாமிவழிக் கல்வி தொடங்கியது. ஆல்டா ஆற்றில் மின்திட்டம் அமைப்பதை எதிர்த்து 1979 முதல் எழுந்த போராட்டம், சாமியரின் உரிமையை நாட்டின் மைய அரசியலுக்குக் கொண்டுவந்தது. அணை கட்டப்பட்டது, ஆயினும் சாமியரின் நிலையை அரசு மறுபடியும் ஆராய வேண்டியதாயிற்று. 1987இல் சாமி சட்டம், 1988இல் அரசமைப்புத் திருத்தம், 1989இல் சாமி நாடாளுமன்றம் எனத் தொடர்ந்து மாற்றங்கள் வந்தன. 1990இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்த முதல் நாடாக நார்வே விளங்கியது. 1992இல் நடைமுறைக்கு வந்த மொழிவிதிகள், ஆறு உள்ளாட்சிப் பகுதிகளில் அரசு அலுவலகங்களோடு சாமி மொழியில் தொடர்பு கொள்ளும் உரிமையை அளித்தன. அப்பகுதிகளின் எண்ணிக்கை பின்னர் உயர்ந்தது.

நாடாளுமன்றம் 2018இல் அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், சாமியர், க்வேனியர், வனப்பின்னியர் ஆகியோர்க்கு நேர்ந்த அநீதிகளை ஆராய்ந்து 2023 ஜூன் 1ஆம் நாள் தன் அறிக்கையை அளித்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் முறைப்படி வருத்தம் தெரிவித்தது.

இவை பெரிய மாற்றங்கள். ஆயினும் உரிமை சட்டத்தில் இருக்க, அதனை வழங்கவல்ல ஆசிரியரும் பாடநூலும் மொழியறிந்த அலுவலரும் போதிய அளவில் இல்லை. தென் சாமி, லூலே சாமி ஆகியவற்றில் இக்குறை மிகுதி. இதற்குக் காரணம் முன்னரே கண்ட வரலாற்றில் உள்ளது: இன்று ஆசிரியராக வேண்டியோர், மொழி கையளிக்கப்படாத இல்லங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். முன்பு சாமி மொழியை வகுப்பிலிருந்து நீக்கிய ஆசிரியர்க்கு அரசு கூடுதல் ஊதியம் தந்தது. அதே அளவு உறுதியோடு சாமி மொழி அறிந்தோரை உருவாக்கவும் ஊக்கவும் செலவிட்டாலன்றி, சட்டத்தில் உள்ள உரிமை வகுப்பறையை அடையாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒருமொழிக் கொள்கையின் வலிமை அது அறிவிக்கும் ஆட்சிமொழியில் மட்டும் இல்லை. எந்த மொழியோடு ஊதியத்தையும் நிலத்தையும் கல்வியையும் அது பிணைக்கிறது என்பதில் உள்ளது. இரண்டாவது, தாய்மொழிக் கல்வி என்னும் நெறியைத் தனக்கு வேண்டிப் பெற்ற மொழியினம், அதனைப் பிறர்க்கும் வழங்கும் என்பதற்கு உறுதியில்லை. அந்நெறி எண்ணிக்கையிற் சிறியோர்க்கும் எட்டுகிறதா என்பதே அதன் உண்மைத்தன்மையை அளக்கும் உரைகல். மூன்றாவது, வாழ்வாதாரத்தின் வழியே விலக்கப்பட்ட மொழி, வெறும் சட்ட ஏற்பால் மீளாது. அதனை அறிந்தவர்க்கு அம்மொழியால் வாழ்வும் மதிப்பும் கிடைக்கும் நிலை உருவாக வேண்டும். தொல்குடி மொழிகளின் எதிர்காலம் குறித்து எந்நாட்டில் திட்டமிடுவோரும் இம்மூன்றையும் கருத்திற் கொள்ளுதல் இன்றியமையாததாகும்.