ஓக் பீப்பாயும் வீட்டுச் சாராயமும்

வெளிநாடுகளில் 3 லிட்டர், 5 லிட்டர் கொள்ளும் சிறிய ஓக் மரப் பீப்பாய்கள் கடைகளிலேயே கிடைக்கின்றன. வீட்டில் காய்ச்சிய சரக்கை இதில் ஊற்றிச் சில மாதங்கள் வைத்தால் விஸ்கியாகிவிடும் என்ற பேச்சு நம் செம்பூர், மாட்டுங்கா இளைஞர்களிடமும் காதில் விழுகிறது. இதில் எது உண்மை, எது ஆபத்து என்று பார்ப்போம்.

காய்ச்சி வடித்த சாராயம் தண்ணீரைப் போல நிறமற்றது. விஸ்கியின் நிறமும் மணமும் பெரும்பாலும் மரம் கொடுப்பவையே. பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அந்தச் சூட்டில் மரச்சத்துகள் சிதைந்து, வெனிலா வாசனையும் வறுத்த சர்க்கரையின் சுவையும் உண்டாகின்றன. கரிந்த பகுதி கந்தக நெடியையும் ஓரளவு குறைக்கிறது.

சிறிய பீப்பாயில் வேகம் ஏன்? கணக்கு எளிது. ஒரு பீப்பாயின் எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் உட்பரப்பு கால் பங்காகும். கொள்ளளவோ அரைக்கால் பங்காகிவிடும். ஆக 200 லிட்டர் பீப்பாயோடு ஒப்பிட்டால், 25 லிட்டர் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டரும் இரு மடங்கு மரத்தைத் தொடுகிறது. சுமார் 3 லிட்டர் பீப்பாயில் நான்கு மடங்கு. நிறம் சீக்கிரம் ஏறும். மரத்தின் துவர்ப்பும் சீக்கிரம் ஏறிவிடும். காற்றோடு கலந்து மெல்ல நடக்கும் மாற்றங்களுக்கோ காலம் தேவை. ஸ்காட்லாந்துச் சட்டம் குறைந்தது 3 ஆண்டுகள் பீப்பாயில் இருக்க வேண்டும் என்கிறது.

நம் நாட்டு வெப்பமும் வேலையைத் துரிதப்படுத்தும். 2004இல் கிளாஸ்கோ நகரில் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை அறிமுகம் செய்த பெங்களூர் அம்ருத் நிறுவனத்தின் அனுபவம் இதற்குச் சான்று. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல். அதை ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். சிறு பீப்பாயில் தேவதைகள் இன்னும் தாராளமாகவே எடுத்துக்கொள்வார்கள்!

இதெல்லாம் மரத்தின் கதை. பீப்பாய்க்குள் ஊற்றுவது எது என்பதே முக்கியமான கேள்வி.

1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்திற்குப் பின் பம்பாயில் கள்ளச்சாராயம் பெருகியது. வெல்லமும் நவாச்சாரமும் ஊறப்போட்டுக் காய்ச்சிய சரக்கு டயர் டியூபுகளில் அடைத்துக் கைமாறிய நாட்களையும், வரதராஜ முதலியார் காலத்துத் தாராவியையும் நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004 டிசம்பரில் விக்ரோலியில் 80க்கு மேற்பட்டோரும், 2015 ஜூனில் மலாடு மால்வனியில் 100க்கு மேற்பட்டோரும் மாண்டனர். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டோர் பலியாயினர். மால்வனியிலும் கள்ளக்குறிச்சியிலும் எமனாக வந்தது மெத்தனால்.

தானியத்தை முறையாகப் புளிக்கவைத்துக் காய்ச்சினால் மெத்தனால் சொற்பமே வரும். ஆனால் எங்கிருந்தோ வாங்கிய ‘ஸ்பிரிட்’டில் என்ன இருக்கிறதென்று கண்ணோ மூக்கோ சொல்லாது. முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் போதும் என்பார்கள். மெத்தனால் 65 டிகிரியிலும் சாராயம் 78 டிகிரியிலும் கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கலவையில் இரண்டும் சேர்ந்தே ஆவியாகின்றன. வீட்டுப் பாத்திரத்தில் பிரிக்க இயலாது. ஓக் மரமும் அதை உறிஞ்சி அகற்றாது. எத்தனை மாதம் வைத்தாலும், பொன்னிற விஷம் விஷமே.

ஒற்றை அறை வீட்டில் அடுப்பருகே சாராய ஆவி பரவினால் தீ விபத்தும் நேரும். உரிமமின்றிக் காய்ச்சுவது மகாராஷ்டிரத்தில் இன்றும் குற்றம்.

ஒன்றை எல்லாக் குடும்பத்தாரும் நினைவில் வையுங்கள். மெத்தனாலின் தீமை உடனே தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்தும் தெரியலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கண்ணில் புகைமூட்டம் இருந்தால் ‘போதை தெளியட்டும்’ என்று படுக்க வைக்காதீர்கள். போலீசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். தாராவிக்காரர்களுக்குச் சயான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் காலத்தில் கிடைத்தால் உயிரையும் கண்ணையும் காப்பாற்றலாம். என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.