புயலும் வீட்டுக் கூரையும்

வங்காள விரிகுடாவிற் பிறக்கும் சூறாவளிகள் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே நம் கரையை நாடுகின்றன. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் வந்த புயல் இலங்கையின் வடபாகத்தைக் கடந்து சென்று அக்கரையிலே தனுஷ்கோடியை அழித்தது. 1978ஆம் ஆண்டு நவெம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தொளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது யான் சிறுவன். விடிந்ததும் எங்கள் வேலிக்கு அப்பால், வயலிலே, அயல்வீட்டுக் கூரையின் ஒரு பாதி கிடக்கக் கண்டோம். ஓடுகள் சிதறிவிட்டன; ஆனாற் கைமரங்களும் சலாகைகளும் பிரியாது ஒரே சட்டமாய்க் கிடந்தன. வீட்டின் சுவர்களோ நின்றபடியே நின்றன. நல்ல மரம், நல்ல சுவர். இரண்டையும் பிணைத்தவை மட்டும் துருப்பிடித்த சில ஆணிகள். அந்த ஆணிகள் ஒடியவில்லை, நேரே பிடுங்குண்டிருந்தன என்பதை என் தந்தையார் எனக்குக் காட்டினார். வீடொன்றைப் புயலுக்கு ஆயத்தஞ் செய்வதன் பெரும்பகுதி அக்காட்சியில் அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே விளங்கிக்கொண்டேன்.

காற்றுக் கூரையை அமுக்கும் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு மறுதலையானது. வேகமாகக் கூரைமேல் ஏறிச் செல்லுங் காற்று முகட்டுக்கு அப்பாலும் இறவாரத்தின் ஓரங்களிலும் அமுக்கத்தைக் குறைக்கின்றது. வீட்டினுள்ளிருக்கும் வளி கூரையை மேலே தள்ளுகின்றது. இவ்விசை காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 48 கிலோகிராம் நிறைக்குச் சமமான அமுக்கத்தைத் தரும். 150 கிலோமீற்றரானால் அது 108 ஆகும். ஓட்டுக் கூரையின் நிறையோ சதுர மீற்றருக்கு 40 கிலோகிராம் அளவே. அஸ்பெஸ்ரஸ் தகடாயின் 15. பன்னிரண்டடிச் சதுரமான ஓர் அறையின் கூரையை அத்தகைய காற்று இருபது நெல்மூட்டையின் நிறைக்கு ஒத்த விசையோடு மேலே இழுக்கக்கூடும். ஆகவே, “பாரமான கூரை, பறவாது” என்று ஆறியிருத்தல் தவறு. தகட்டின்மேற் கல்லேற்றி வைப்போரும் உளர். அக்கல் காற்றிற் புறப்பட்டால் யார் தலையில் விழுமோ!

செய்யவேண்டியது பிணைத்தலே. சலாகை கைமரத்தோடும், கைமரம் சுவர்த்தலை வளையோடும், அவ்வளை சுவரோடும், சுவர் அத்திவாரத்தோடும் ஒரு சங்கிலிபோலத் தொடர்தல் வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்றவை பயன்படா. நம் வீடுகளிற் பெரும்பாலும் தளர்வது சுவர்த்தலையே. புதுவீடு கட்டுவோர் சுவரின் மேலே நாற்புறமுஞ் சுற்றிக் கம்பியிட்ட கொங்கிறீற்று வளை இட்டு, அதிலிருந்து கம்பிகளை மேலே நீட்டிக் கைமரத்தை வளைத்துக் கட்டலாம். பழைய வீட்டுக்காரர் நாகம் பூசிய இரும்புப் பட்டையைக் கைமரத்தின் மேலாகச் சுற்றி, இருமுனைகளையுஞ் சுவரின் பக்கத்திற் கீழே இறக்கி, ஆழமாகப் பதித்த முடுக்காணிகளாற் பூட்டலாம். பட்டையின் ஆணிகள் பக்கவாட்டில் அறையப்படல் வேண்டும். இழுவிசையின் திசையிலேயே அறைந்த ஆணி எளிதிற் கழன்றுவிடும். கயிற்றாற் கட்டிய கிடுகு வீட்டிலே மூட்டுக்கு மூட்டுக் கட்டு இருந்தது. கிடுகு பறந்தாலும் சட்டம் நின்ற வீடுகள் பல.

கூரையின் வடிவமும் கவனிக்கத்தக்கது. நாற்புறமுஞ் சரிந்த கூரை, இருபுறஞ் சரிந்ததிலும் காற்றை நன்கு தாங்கும். விறாந்தைக் கூரை அடியிலும் மேலிலும் காற்றேற்பதால் முதலிற் கழல்வது அதுவே. அது தனிச்சட்டமாயிருப்பின், போகும்போது பெருங்கூரையையும் உடன்கொண்டு போகாது.

காற்று வந்து போகட்டுமென்று யன்னல்களைத் திறந்துவிடுவோர் பெருந்தவறு செய்கின்றனர். காற்றடிக்கும் பக்கத்து யன்னல் ஒன்று திறந்தாற் போதும். உள்ளமுக்கமும் மேலிழுப்பும் ஒன்றுகூடிக் கூரையைத் தூக்கிவிடும். கதவுகளுக்கு உள்ளே குறுக்குச் சட்டம் இடுதல் நன்று. புயலின் கண் நம்மேலாகக் கடப்பின் காற்று திடீரென ஓயும். ஓய்ந்ததென நம்பி வெளியே செல்லலாகாது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் இப்பிணைப்புகள் உதவா. 2025 நவெம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயலிற் பெருஞ்சேதம் விளைத்தவை அவையே. அங்கே நிலத்தைத் தெரிதலும், எச்சரிக்கை வந்தவுடன் வீட்டைவிட்டு அகலுதலுமே வழி. காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் நீர்புகாப் பையிலிட்டு ஆயத்தமாக வைத்திருப்பின் அகலுதல் எளிதாகும். கிணற்றுக் கட்டு வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்ந்திராவிடின், வெள்ளம் வடிந்தபின் நீரை இறைத்து, குளோரின் இட்ட பின்னரே குடித்தல் வேண்டும்.

இவ்வேலைகளுக்கு ஏற்ற காலம் ஆவணியும் புரட்டாதியுமாம். ஏணி வைத்துக் கூரையின் உட்புறம் ஏறி, சுவர்த்தலையில் ஒவ்வொரு கைமரத்தையும் கையாற் பற்றி அசைத்துப் பார்க்க ஒரு முற்பகல் போதும். அசையுங் கைமரங்களுக்குச் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டுத் தச்சரை அழைக்கலாம். ஐப்பசி மழை தொடங்கியபின் தச்சர் கிடைப்பது அரிது.