திருவெம்பாவைக்கு முன் ஒரு தடுப்பூசி



ஐப்பசி பிறந்து ரொறன்ரோவின் மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கியதும், எமது வீடுகளில் இருமல் ஓசையும் கேட்கத் தொடங்குகிறது. ஊரிலே தடிமன் என்றால் கொத்தமல்லி அவித்துக் குடித்து, நெற்றியில் வேர்க்கொம்பு பூசி, இரண்டு நாளில் எழுந்து நடமாடியவர்கள் நாம். அதே நினைப்போடு இங்கும் இருந்துவிடுகிறோம். ஆனால் தடிமன் வேறு, புளூ காய்ச்சல் வேறு. புளூ திடீரெனக் கடுங்காய்ச்சலும் உடல் உளைவுமாக வரும். முதியோருக்கும், நீரிழிவு, இருதய நோய் உள்ளோருக்கும் நியூமோனியாவாக முற்றிவிடவும் கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார், "நான் வெளியே போவதேயில்லை, எனக்கேன் ஊசி?" என்று மறுத்துவிட்டார். அவர் வெளியே போகவில்லைத்தான். பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் அவரைத் தேடி உள்ளே வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவ்வாண்டுத் திருவெம்பாவைப் பூசை முழுவதும் அவருக்குத் தவறிப்போயிற்று. தவறு அவருடையது மட்டுமன்று. வீட்டிலிருந்த நாங்கள் ஒருவருமே ஊசி போட்டிருக்கவில்லை.

இந்நோயின் வலிமையை உலகம் 1918இல் கண்டது. கொழும்புத் துறைமுகம் வழியாக இலங்கைக்கும், பம்பாய் வழியாக இந்தியாவுக்கும் அது பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். கனடாவில் ஏறத்தாழ 50,000 பேர். அன்று ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கொனாற் ஆய்வுகூடம் அவசரமாக ஒரு தடுப்பு மருந்தைத் தயாரித்து இலவசமாக வழங்கியது. நோய்க்குக் காரணம் ஒரு பக்டீரியா என்று எண்ணியிருந்தமையால் அம்மருந்து பயன்படவில்லை. உண்மையான காரணமாகிய வைரசு மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது 1933இலேதான்.

2009இல் எச்1என்1 எனும் புதுவகைக் காய்ச்சல் உலகைச் சுற்றியபோது நிலைமை வேறாக இருந்தது. சில மாதங்களிலேயே தடுப்பூசி தயாராயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் ரொறன்ரோவின் ஊசி நிலையங்களில் மக்கள் பல மணிநேரம் வரிசையில் நின்றதைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஆயினும் கனடாவில் 428 பேர் இறந்தனர். அந்த வைரசு பின்னர் எம்மை விட்டுப் போய்விடவில்லை. ஆண்டுதோறும் வரும் பருவகாலப் புளூவில் ஒன்றாகிவிட்டது.

"சென்ற வருடம் போட்டோமே, இவ்வருடமும் எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. புளூ வைரசு தன் உருவை ஓயாது மாற்றிக்கொள்கிறது; ஊசி தரும் பாதுகாப்பும் மாதங்கள் செல்லக் குறைகிறது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் வருடந்தோறும் வைரசு வகைகளை ஆராய்ந்து, ஊசியில் எவற்றைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. வகை நன்கு பொருந்திய ஆண்டில் நோய் வரும் வாய்ப்பு 40 முதல் 60 வீதம் குறையும். முழுக் காப்பு அன்று. எனினும் காய்ச்சல் வந்தாலும் அது கடுமையாவதைப் பெரும்பாலும் தடுக்கும்.

ஊசியாலேயே புளூ வரும் என்பது சரியன்று. கையில் ஏற்றப்படும் ஊசியில் உயிருள்ள வைரசு இல்லை. ஓரிரு நாள் கைநோவும் சிறு காய்ச்சலும் இருக்கலாம். சைவ உணவினர் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு: பெரும்பாலான புளூ ஊசிகள் கோழிமுட்டையில் வளர்த்த வைரசிலிருந்து செய்யப்படுகின்றன, மூக்கில் தெளிக்கும் மருந்தில் பன்றி ஜெலற்றின் உண்டு. முட்டை சேராத ஊசியும் இருக்கிறது. கிடைக்குமா என மருந்தாளரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிடின் அவரவர் மனச்சாட்சிப்படி முடிவு செய்யலாம். வீட்டிலுள்ள முதியவரையும் குழந்தையையும் மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.

ஒன்ராறியோவில் ஆறு மாதக் குழந்தை முதல் எல்லோருக்கும் 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த ஊசி இலவசம். குடும்ப வைத்தியரிடம் மட்டுமன்றி, 2012 முதல் மருந்துக்கடைகளிலும் போடுகிறார்கள். 65 வயதைக் கடந்தோர் தமக்கென உள்ள வீரியம் கூடிய ஊசியைக் கேட்டுப் பெறலாம்.

ஊசி பலன்தர ஏறக்குறைய இரண்டு வாரம் செல்லும். கந்தசஷ்டி முடிவதற்குள் குடும்பமாகப் போட்டுக்கொண்டால், மார்கழியில் கதவு யன்னல் எல்லாம் பூட்டிய மண்டபத்தில் தோளோடு தோள் உரச நின்று வழிபடும்போது அது எம்மைக் காக்கும். காய்ச்சல் கண்டால் அன்று வீட்டிலிருந்தே கும்பிடுங்கள். பக்கத்தில் நிற்கும் வயோதிபரைக் காப்பதும் ஒரு தொண்டே.

என் தாயார் இப்போது வருடந்தோறும் முதல் ஆளாக ஊசி போட்டுக்கொள்கிறார். போட்டதும் எங்கள் எல்லோரையும் எண்ணிப் பார்க்கிறார்.