பழைய டிராக்டரின் லிப்டுக்கு எந்த ஆயில்?

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் பழைய டிராக்டரை எடுப்பவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். என்ஜின் கிளம்பிவிடும். ஆனால் லிப்ட் லீவரைத் தூக்கினால் கலப்பை எழாது. பின்புறம் பம்ப் முனகும். சிறிது நேரம் ஓடிச் சூடேறிய பிறகே மெல்ல எழும். உடனே "பம்ப் போய்விட்டது" என்று கழற்றச் சொல்லிவிடுவார்கள். அதற்குமுன் உள்ளே இருப்பது என்ன ஆயில் என்று பார்ப்பது நல்லது. குளிரில் எழாமல் சூட்டில் எழுந்தால், ஆயில் அதிகக் கெட்டியாக இருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். காலையில் நன்றாக எழுந்து, மதியம் சூடானபின் தொய்ந்தால்தான் பம்ப், சீல் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் 1960-ல் தொடங்கிய டாபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் 1035 இன்னும் நம் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் அமைத்த முறைப்படி, இதன் லிப்ட் பம்ப் பின்பக்கக் கூட்டுக்குள் ஆயிலில் மூழ்கியே இருக்கிறது. கியர்களுக்கும் அதே ஆயில்தான். கியர் பற்களைக் காக்கும் வலுவும், பம்ப் சுலபமாக உறிஞ்சும் இளக்கமும் ஒரே ஆயிலில் இருக்கவேண்டும். போர்டு 3000-ல் கியர் பாக்ஸ் ஆயில் தனி. லிப்ட் ஆயில் பின் ஆக்சில் அறையில் இருக்கும். ஆகவே பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஊற்றியதையே நாமும் ஊற்றக்கூடாது.

நம் வட்டாரத்துக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் வந்தது. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரை இயந்திரக் கூடங்கள்தான். பிரஸ், லேத் இயந்திரங்களுக்கான 68 எண் ஹைட்ராலிக் ஆயில் இங்கே எளிதில் கிடைக்கிறது. "ஹைட்ராலிக்" என்ற பெயரைப் பார்த்தே 1035-க்கு வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. லிப்ட் பிரமாதமாக எழும்; அதுதான் ஏமாற்றும். அந்த ஆயில் பம்புக்கும் வால்வுக்கும் ஏற்றதே தவிர, பாரம் இழுக்கும் கியர் பற்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. தேய்மானம் சத்தமில்லாமல் நடக்கும்.

தொழிற்சாலையில் கழித்த ஆயில் இன்னும் மோசம். இரும்புத் தூளும், லேத்தில் ஊற்றும் தண்ணீர்க் கலவையும் அதில் கலந்திருக்கலாம். துணியில் வடிகட்டினால் போதும் என்பது தப்பு. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் போகவேண்டிய சரக்கு அது. நம் டிராக்டருக்கு வரவேண்டியதல்ல.

எண்களைப் பார்த்தும் குழம்பக்கூடாது. 90 எண் கியர் ஆயில், 40 எண் என்ஜின் ஆயிலைப் போல இரண்டு மடங்கு கெட்டியல்ல. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. உண்மையில் 90 கியர் ஆயில் 40, 50 எண் என்ஜின் ஆயிலின் கெட்டிக்குச் சமமாகவே வரும். 68 என்பது மூன்றாவது ஒரு கோல். அது 20 எண் என்ஜின் ஆயிலைப் போன்ற இளக்கமானது. சீல் ஒழுகுகிறதே என்று 140 எண் கியர் ஆயிலை ஊற்றுவோரும் உண்டு. ஒழுக்கு சற்றுக் குறையலாம். ஆனால் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே உள்ள ஓசூர்க் குளிரில் பம்ப் அதை உறிஞ்சத் திணறும், முனகல் அதனால்தான். சீலை மாற்றுவதே சிக்கனம். கியர் ஆயில் டின்னில் ஜி.எல்.5 என்றிருந்தால், பழைய வண்டியின் பித்தளை, வெண்கலப் பாகங்களை அதன் மருந்து அரிக்க வாய்ப்புண்டு என்பதையும் நினைவில் வைக்கவும்.

அப்படியானால் எதை வாங்குவது? கையேடு இருந்தால் அதில் சொன்ன ரகம். இல்லாவிட்டால், கியருக்கும் லிப்டுக்கும் பொதுவான டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில் என்று கேட்டு, மாடலைச் சொல்லி, கம்பெனி டீலரிடம் உறுதி செய்துகொண்டு வாங்க வேண்டும். டின்னில் யூ.டி.டி.ஓ. என்று போட்டிருப்பார்கள். 20 லிட்டர் டின் ஒன்று 1035-க்குப் போதாது. செலவுதான், பம்பைப் பிரிக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள பிற்கால வண்டிகளில் கம்பெனி சொன்ன ரகம் தவிர வேறெதுவும் கூடாது.

சேற்றுழவுக்குப் பின் டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் படபடவென்று பொரியும். (வீட்டில் புழங்கும் கல்லில் வேண்டாம்; பழைய தகடு போதும்.) மாற்றும்போது வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, லிப்டைத் தாழ்த்தி, திருகைக் கழற்றி இரவு முழுவதும் வடியவிட வேண்டும். ஜல்லடையைக் கழுவிப் பூட்டவேண்டும். டீசல் விட்டு அலசினால் மிச்சம் நின்று புதிய ஆயிலை நீர்க்கச் செய்யும்.

டிப்பர் டிரெயிலரை இரவல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் சிலிண்டரில் முந்தைய டிராக்டரின் ஆயில் நிற்கிறது. ஓஸை மாட்டி லீவரைத் தூக்கி இறக்கியதுமே அது நம் வண்டிக்குள் வந்துவிடும். ராயக்கோட்டைத் தக்காளியோ, மாங்காயோ ஏற்றப் போகும் முன்பே, என்ன ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்று டிரெயிலர்க்காரரைக் கேட்டுவிடுங்கள். தூக்கிய டிப்பர் நம் ஆயிலையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், அதை இறக்கிய பிறகே டிப் ஸ்டிக்கில் அளவு பார்க்க வேண்டும்.