ஜிக் வார்க்கிறீர்களா? ஈயத்திடம் ஜாக்கிரதை

தூண்டில் முள்ளின் கழுத்தில் வார்த்த ஈயக்குண்டுதான் ஜிக் தலை. அதை வீட்டிலேயே வார்த்து, பவுடர் பெயின்ட் ஏற்ற ஆசைப்படுகிறவருக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஈயத்துக்குக் காயலான் கடை. பவுடருக்கு, 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பவுடர் கோட்டிங் பட்டறைகள். இதே பொருட்களோடு பட்டறையில் மல்லுக்கட்டும் தொழிலாளிக்குச் சட்டத் துணை உண்டு. அடுப்படியில் உருக்குகிறவர் தன்னைத் தானேதான் காத்துக்கொள்ள வேண்டும்.

ஆபத்து எங்கே?

காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வீட்டு அடுப்பே போதும். சூடு ஏற ஏறப் புகை கூடும். மேலே மிதக்கும் கசடை வழிக்கும்போது பறக்கும் சாம்பல் தூள் கையில், லுங்கியில், தரையில் படிந்து, தவழும் குழந்தையின் வாய்வரை போகும். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால்கூட அது நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் அடிக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிப்பு முதலில் குழந்தைகளின் மூளைக்கும் கருவிலுள்ள சிசுவுக்கும்தான்.

பவுடரும் சாதுவல்ல. சில பாலியெஸ்டர் பவுடர்களில் கலக்கும் டிஜிஐசி என்ற ரசாயனம் தோல் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் தரும். காற்றில் பறக்கும் பவுடரில் பொறி பட்டால் குப்பென்று பற்றும். 2017 நவம்பரில் அமலுக்கு வந்த 90 பிபிஎம் ஈய வரம்பு வீட்டு, அலங்காரப் பெயின்ட்களுக்கு மட்டுமே. தொழில்துறைப் பூச்சுகளுக்கு அது பொருந்தாது.

என்ன செய்யலாம்?

• பழைய பேட்டரியை உடைக்கவே வேண்டாம். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதை முறையான சேகரிப்பு மையத்தில்தான் சேர்க்க வேண்டும்.
• ஈயம் உருக்கச் சமையல் பாத்திரமும், பவுடரைச் சுடச் சமையல் ஓவனும் ஆகாது.
• துணி முகக்கவசம் போதாது. தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.
• ஈயக்குண்டைப் பல்லால் கடிக்காதீர்கள். பூச்சு பெயர்ந்தால் உள்ளே இருப்பது ஈயம்தான்.
• டங்ஸ்டன், ஸ்டீல் எடைகள் இருக்கின்றன. சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால், பிரிட்டன் 1987-இலேயே அவற்றைத் தடை செய்தது. செம்பரம்பாக்கத்தில் தூண்டில் போடுகிறவர், அது சென்னையின் குடிநீர் ஏரி என்பதையும் மறக்க வேண்டாம்.

பட்டறைத் தொழிலாளியின் உரிமை

ஈய நச்சு, தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. ஆறு மாதமாவது தொடர்ந்து அந்த வேலையில் இருந்தவருக்கு நோய் வந்தால், அது வேலையில் பட்ட காயமாகவே கொள்ளப்படும். தற்காலிக முடக்கத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். எனவே சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் நடக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு நகல்களைச் சேர்த்து வையுங்கள். முகக்கவசம், புகைபோக்கி இல்லாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் தரலாம். குடியிருப்புக்குள் ஈயம் உருக்கும் பட்டறை இருந்தால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தை அணுகுங்கள்.

விடாத வயிற்றுவலி, மலச்சிக்கல், அசதி, ரத்தசோகை இருந்தால், ‘ஈயத்தோடு வேலை செய்கிறேன்’ என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சொன்னால்தான் ரத்த ஈயப் பரிசோதனை எழுதுவார். அளவு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெல்லம் சாப்பிட்டால் தூசு இறங்கிவிடும் என்ற பேச்சு ஈயத்திடம் செல்லாது. அவசரத்துக்கு எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.