பயங்கரவாதத்தை ஒடுக்குவது போரா? உங்கள் உரிமைக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன தொடர்பு?

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் கிட்டத்தட்ட 3,000 பேர் கொல்லப்பட்டார்கள். ஒன்பதே நாளில் அதிபர் ஜார்ஜ் புஷ் நாடாளுமன்றத்தில் நின்று பயங்கரவாதத்துக்கு எதிரான போரை அறிவித்தார். அன்று முதல் எந்த நாட்டில் குண்டு வெடித்தாலும், ‘இது போர், சட்டம் பேச நேரமில்லை’ என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தில் நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயங்கரவாதம் மிகக் கொடிய குற்றம். அதைக் குற்றமாகவே விசாரித்துத் தண்டித்தால்தான் அப்பாவியும் பிழைப்பார், உண்மைக் குற்றவாளியும் அகப்படுவார்.

போர் என்றால் எது மாறுகிறது?

குற்ற வழக்கில் காவல்துறை ஆளைப் பிடித்து ஆதாரம் காட்ட வேண்டும். நீதிபதி தீர்ப்புச் சொல்ல வேண்டும். போரில் எதிரிப் படையினரை எச்சரிக்காமல் சுடலாம். பிடிபட்டவரைச் சண்டை முடியும்வரை வழக்கே இல்லாமல் அடைத்துவைக்கலாம். ராணுவ இலக்கைத் தாக்கும்போது அருகில் இருந்த பொதுமக்கள் இறந்தாலும், அளவு மீறாதவரை அது குற்றமாகாது.

இரு நாட்டுப் படைகள் மோதும்போது இந்த விதிகளுக்குப் பொருள் உண்டு. ஓர் ஆயுதக் குழு ஊர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு படைபோலச் சண்டையிட்டாலும் போர் விதிகள் பொருந்தும். ஜெனீவா ஒப்பந்தங்கள் அதற்கும் எல்லை வகுத்திருக்கின்றன. ஆனால் ரயில் நிலையத்தில் பையை வைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிடுபவனுக்குச் சீருடை கிடையாது. அவனை யார் அடையாளம் காண்பது? தவறான ஆளைப் பிடித்தால் யார் திருத்துவது? அந்த வேலைக்குத்தான் நீதிமன்றம் இருக்கிறது.

குவாண்டனாமோ காட்டிய ஆபத்து

கியூபாவில் உள்ள குவாண்டனாமோ கடற்படைத் தளத்தில் 2002 ஜனவரியில் அமெரிக்கா ஒரு சிறையைத் திறந்தது. அங்கே மொத்தம் சுமார் 780 பேர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. போர்க்கைதிக்கு உரிய தகுதியும் அவர்களுக்குத் தரப்படவில்லை. தங்கள் சிறைவைப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல அவர்களுக்கு அரசமைப்புச் சட்டப்படியே உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-இல்தான் தீர்ப்பளித்தது.

செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் ராணுவ விசாரணை, தாக்குதல் நடந்து இருபது ஆண்டுகள் கடந்தும் இறுதித் தீர்ப்பை எட்டவில்லை. அவர்கள் சித்திரவதைக்கு உள்ளானதால், அவர்களிடம் பெற்ற வாக்குமூலம் செல்லுமா என்ற சிக்கல் வழக்கைத் தேக்கிவிட்டது. சட்டத்தை ஒதுக்கியதால் இழப்பு கைதிக்கு மட்டுமல்ல. உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கும்தான்.

மாறாக, லண்டனில் 2005 ஜூலை 7 அன்று பயங்கரவாதத் தாக்குதலில் 52 பேர் கொல்லப்பட்ட பிறகும், பிரிட்டனின் அன்றைய அரசு வழக்குத் தொடுப்பு இயக்குநர் கென் மெக்டொனால்ட், லண்டன் தெருக்கள் போர்க்களம் அல்ல, இது குற்றத் தடுப்புப் பணி என்று வெளிப்படையாக வாதிட்டார்.

இந்தியாவில் நீதிமன்றங்கள் செய்தது என்ன?

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தார்கள். உயிருடன் பிடிபட்ட அஜ்மல் கசாபுக்கு வழக்கறிஞர் வைத்து, சாட்சிகளை விசாரித்து, உச்ச நீதிமன்றம்வரை மேல்முறையீடு கேட்டே தண்டனை உறுதியானது. அதே வழக்கில் உடந்தை என்று குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்கள் இருவரை, ஆதாரம் போதாது என்று நீதிமன்றம் விடுவித்தது. குற்றவாளி தப்பவில்லை, நிரூபிக்கப்படாதவர் தண்டிக்கப்படவும் இல்லை.

குஜராத்தில் 2002-இல் அக்‌ஷர்தாம் கோயிலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பொடா என்ற அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள், மூவருக்குத் தூக்கு. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்து, விசாரணை நடந்த விதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. மேல்முறையீட்டு வாய்ப்பு இல்லாதிருந்தால் அந்த மூவரின் கதி என்னவாகியிருக்கும்?

ராஜீவ் காந்தி கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பூந்தமல்லி நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 19 பேர் வெளியே வர வழிவிட்டது.

மணிப்பூர் என்கவுன்டர் கொலைகள் வழக்கில், அங்கே நிலவுவது போர் போன்ற நிலை என்று வாதிடப்பட்டது. 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதற்றமான பகுதியிலும் அளவு மீறிய பலத்தைப் பயன்படுத்தக் கூடாது, சீருடை அணிந்தவர்மீது புகார் வந்தாலும் விசாரிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

கைது நேர்ந்தால் உங்கள் உரிமைகள்

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான ‘உபா’ மிகக் கடுமையானது. முன்ஜாமீன் கிடையாது. குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்தாலே உண்மை என்று நீதிமன்றம் நம்பினால் ஜாமீனும் கிடைக்காது. அப்படியும் பின்வரும் உரிமைகள் உங்களுக்கு உண்டு:

- கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உபா வழக்குக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது.
- பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும்.
- விருப்பமான வழக்கறிஞரைச் சந்திக்கலாம். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. தடா, பொடா போலன்றி, உபாவில் போலீஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலம் ஆதாரமாகாது.
- 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும்; நீதிமன்றம் அனுமதித்தால் 180 நாள்வரை நீளும். கெடு தாண்டினால் ஜாமீன் பெறும் உரிமை பிறக்கிறது. அன்றே மனுப் போடுங்கள். குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் அந்த உரிமை போய்விடும்.
- வழக்கு முடியாமல் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தால், அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைக் காட்டி ஜாமீன் கேட்கலாம். 2021-இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது.
- பிடித்துப்போனவர் எங்கே என்று தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம்.

காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச சட்ட உதவி உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அத்துமீறல் நடந்தால் ஓராண்டுக்குள் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. தடைசெய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராக இருப்பதே குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறியிருக்கிறது. யாருக்கு நன்கொடை தருகிறோம், யாரிடம் நம் சிம் கார்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்படைக்கிறோம் என்பதில் விழிப்பாக இருங்கள்.

தாக்குதலில் பாதிக்கப்பட்டால்

பயங்கரவாதத் தாக்குதலில் குடும்பத்தினரை இழந்தவர்களும் நிரந்தரமாக முடங்கிப்போனவர்களும் மத்திய அரசின் உதவித் திட்டத்தில் மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பிக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் தனியே இழப்பீடும் கோரலாம். எஃப்ஐஆர் நகல், மருத்துவச் சான்று, இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

நாம் கேட்க வேண்டியது

இலங்கையில் 1979-இல் தற்காலிக ஏற்பாடாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982-இல் நிரந்தரமானது. அதன் கீழ் எத்தனையோ தமிழர்கள் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தார்கள். அவசரம் என்று தந்த அதிகாரத்தை எந்த அரசும் எளிதில் திருப்பித் தருவதில்லை.

ஆகவே அடுத்த முறை ‘பிடித்த இடத்திலேயே சுட்டுத் தள்ளுங்கள்’ என்ற செய்தி உங்கள் கைபேசிக்கு வந்தால், அதைப் பகிராதீர்கள். பிடிபட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்களா, ஆதாரம் என்ன, வழக்கு எப்போது முடியும் என்று கேளுங்கள். கொல்லப்பட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது உண்மைக் குற்றவாளிக்குக் கிடைக்கும் தண்டனையைத்தான். கையில் கிடைத்த யாரோ ஒருவரின் உயிரை அல்ல.